வள்ளத்து ஃபைபரில் ஒரு உளவுக் கோளம்: டார்த் மாலின் கருங்கண் ரோபோவைச் செய்யும் முறை

ஸ்டார் வார்ஸ் உலகின் உளவு ரோபோ என்றதும் பலருக்கும் 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்து வைப்பர்தான் நினைவுக்கு வரும். அடியில் கைகள் தொங்க, பனிக்கோளான ஹோத்தில் எரிகல் மாதிரி வந்து விழுமே, அது. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ஒற்றன் வேலைக்கு அது சரிப்படாது. தன்னை அனுப்பிய பேரரசின் வேந்தர்படைக்குத் தகவல் அனுப்பிவிட்டது, உண்மை; அந்த சிக்னலை ஹோத்தில் ஒளிந்திருந்த புரட்சிப்படையின் எக்கோ தளத்துக்காரர்களும் பிடித்துவிட்டார்கள். ஹான் சோலோவும் சுபாக்காவும் தேடிப்போய்ச் சுட்டதும் தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. இருப்பிடம் தெரிந்துபோனது என்று புரட்சிப்படை உடனே மூட்டை கட்டத் தொடங்கியது.

1999-இல் வந்த 'தி பேண்டம் மெனஸ்' படத்தில் வில்லன் டார்த் மால் பாலைக்கோளான டாட்டூயினில் அனுப்பும் மூன்று கோளங்கள் வேறு ரகம். டி.ஆர்.கே.-1, டார்க் ஐ என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். மனிதத் தலை அளவில் கறுத்த உருண்டை, முன்னால் ஒரு கண், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கேட்கும்படி எதையும் ஒலிபரப்புவதில்லை. பார்த்துவிட்டு எசமானிடமே திரும்பி வந்து சொல்கிறது. மறைந்திருந்து பார்க்கும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நடத்தை கிடையாது. குறும்படத்துக்கோ, அலமாரியில் வைக்கவோ அதைச் செய்வதானால் இந்த அடக்கம்தான் முதலில் வர வேண்டும். எல்.இ.டி.யை வாரி இறைத்துப் பளபளவென்று செய்தால் அது உளவுக் கோளம் ஆகாது, திருவிழாப் பந்தல் விளக்கு ஆகிவிடும்.

குமரி மாவட்டத்தில் இதைச் செய்ய ஒரு வசதி உண்டு. குளச்சல், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று ஃபைபர் வள்ளம் (மீன்பிடிப் படகு) ஓடும் ஊர்களில் மேட் (கண்ணாடி இழைப் பாய்), ரெசின் (பிசின்), ஹார்ட்னர் (பிசினை இறுகவைக்கும் திரவம்) மூன்றும் தெரிந்த சரக்கு. வள்ளம் ஒட்டும் ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் அச்சு. தெர்மோகோல் உருண்டை வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் பட்டதும் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். காற்றடிக்கும் பிளாஸ்டிக் பந்து, 24 செ.மீ. விட்டம், போதும். அதன் மேல் பிரவுன் டேப்பைச் சிறு துண்டுகளாக, இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். அந்த டேப்பில் ரெசின் பிடிக்காது. டேப்பில் சுருக்கம் விழுந்தால் கவலை வேண்டாம், அது ஓட்டின் உட்புறம்தான். பந்தை ஒரு சருவத்தின் (வாய் அகன்ற பாத்திரம்) வாயில் உட்கார வைத்து மேல்பாதி முதலில், அது இறுகியதும் திருப்பி வைத்துக் கீழ்ப்பாதி.

24 செ.மீ. உருண்டையின் மேற்பரப்பு சுமார் 0.18 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் மேட்டை இரண்டு அடுக்கு போட, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்து, 130 முதல் 140 கிராம் மேட் வேண்டும். ரெசின் அதைப்போல இரண்டரை மடங்கு, அதாவது 330 கிராம் அளவு. மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் உள்ளங்கை அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். பிய்த்த விளிம்பு பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும்.

ரெசினை மொத்தமாகக் கலக்காதீர்கள். ஒரு தடவைக்கு 100 கிராம், அதற்கு ஹார்ட்னர் ஒன்றரை மி.லி. நம்மூர் வெயிலில் கால் மணி நேரத்தில் கெட்டியாகத் தொடங்கும். ஆழமான கப்பில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் சீக்கிரம் இறுகும், சில நேரம் புகையும். அகலமான தட்டில் ஊற்றிக்கொள்வது நல்லது. இதில் உயிர்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வாங்கியிருந்தால் அதை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்ட்னரைத் தொட வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஒரே கரண்டி, ஒரே மூடிகூட இரண்டுக்கும் பொது ஆகக் கூடாது. பல கடைகளில் கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினே கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரஷ்ஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றுங்கள். மேட் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று நிற்கும் இடம். வேலையை நிழலில் செய்யுங்கள். வெயிலில் பந்துக்குள் காற்று விரிந்து ஈர மேட் வழுக்கும். ஈரமான மேட்டும் கெடுதல், அதனால் மழைநாளில் மேட் சுருளை பிளாஸ்டிக் உறையை விட்டு எடுக்காதீர்கள். இறுகிய பிறகும் மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. காற்றுபடும் பாலியஸ்டரின் இயல்பு அது. தின்னர் துணியால் துடைத்துவிட்டு உப்புத்தாள் போடலாம்.

ஒருநாள் விட்டு, பின்புறம் 12 செ.மீ. வட்டம் ஒன்றை ஹாக்ஸா பிளேடால் வெட்டி எடுங்கள். பந்தின் காற்றை இறக்கி அந்த வழியாக உருவினால் ஓடு மட்டும் நிற்கும், நடுவில் ஒட்டுக்கோடே இருக்காது. வெட்டிய வட்டுதான் பின்மூடி. முன்னால் கண்ணுக்கு 63 மி.மீ. துளை. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க், முழுக்கைச் சட்டை கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. பிறகு கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் பட்டி (மேடுபள்ளம் நிரப்பும் பசை), அதன் மேல் 80, 180, 320 என்று உப்புத்தாள். தகடுகளின் இணைப்பு போன்ற கோடுகளை உடைந்த பிளேடு முனையால் பட்டியிலேயே கீறலாம். ஆறேழு கோடு போதும். பக்கவாட்டு ஆன்டெனாக்களுக்குப் பழைய ரேடியோ ஏரியலின் மேல்துண்டு கச்சிதமாக இருக்கும்.

கண்ணில்தான் நிதானம் வேண்டும். 63 மி.மீ. பி.வி.சி. குழாயில் 5 செ.மீ. துண்டு, அதற்குள் 50 மி.மீ. பூதக்கண்ணாடி லென்ஸ், விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி, ஓரத்து இடைவெளியைக் கறுப்பு ரப்பர் வளையத்தால் அடைத்து. உள்ளே தள்ளினால்தான் வானத்தின் பிரதிபலிப்பு லென்ஸில் விழாது, பார்ப்பவருக்கு ஆழம் தெரியும். குழாயின் உட்புறம் மங்கல் கறுப்பு. வெளிச்சத்துக்கு 3 மி.மீ. சிவப்பு எல்.இ.டி. ஒன்றே ஒன்று, லென்ஸுக்கு நேர்பின்னால் இல்லாமல் ஓரத்தில், குழாய்ச் சுவரைப் பார்க்கும்படி. 3.7 வோல்ட் செல்லுக்கு 560 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 3 மில்லிஆம்பியர் ஓடும். பகலில் அது தெரியவே தெரியாது. அந்தியில் உள்ளே ஏதோ விழித்திருக்கிறது என்ற உணர்வு வரும். கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிற ஒன்றுக்கு அது தாராளம்.

ரோபோவின் பார்வையிலும் காட்சி வேண்டுமென்றால் இ.எஸ்.பி.32-கேம் என்ற வைஃபை உள்ள சிறு கேமரா போர்டு உள்ளே அடங்கும். லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் கண்ணாடி வையுங்கள், இல்லாவிட்டால் படம் மங்கும். வைஃபையில் வீடியோ அனுப்பும்போது இது திடீர்திடீரென்று மின்சாரம் இழுக்கும். மெல்லிய ஒயரும் செல்லின் வோல்டேஜை 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்ட் மாட்யூல் சோப்ளாங்கியாகவும் போட்டால் வோல்டேஜ் சரிந்து போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். 5 வோல்ட் முனையில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் சரியாகும். 2600 மில்லிஆம்பியர்-மணி 18650 லித்தியம் செல் ஐந்து மணி நேரமாவது தாங்கும். கறுத்த ஓடு வெயிலில் அடுப்பாகிவிடும் என்பதால் ஷாட்டுக்கு ஷாட் இடையே வெள்ளைத் துணி போட்டு மூடுங்கள். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. அலுமினியத் தூள் கலந்த பெயின்டைப் போர்டின் வைஃபை ஆன்டெனா பக்கம் அடிக்காதீர்கள், சிக்னல் படுத்துவிடும்.

பெயின்ட் முழுக்க மங்கல். சுத்தக் கறுப்பைவிடக் கரிச்சாம்பல் நிறம் கேமராவில் நன்றாகத் தெரியும், கோடுகள் அமுங்காது. ஈரக்காற்று நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுக்கும், அதனால் வெயில் ஏறிய பிறகே அடியுங்கள். விளிம்புகளில் மட்டும் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் பழகிய உலோகம் மாதிரி இருக்கும். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு கடற்கரையில் சில நாளிலேயே துருக்கண்ணீர் விடும்.

எல்லாம் சேர்த்து எடை 750 முதல் 800 கிராம். இதைத் தொங்கவிட 0.40 மி.மீ. தூண்டில் நரம்பு தாராளம். ஒற்றை நரம்பில் கட்டாதீர்கள். உள்ளே சர்வோ என்ற சிறு மோட்டார் வைத்துக் கண்ணை இடப்பக்கம் திருப்பினால் மொத்த உருண்டையும் வலப்பக்கம் திரும்பும், அதோடு தன்பாட்டில் சுற்றிக்கொண்டும் இருக்கும். நடுக்கோட்டுக்கு 6 செ.மீ. மேலே சம இடைவெளியில் மூன்று கொக்கி, மூன்று நரம்பு. கொக்கியை இரண்டு மி.மீ. ஓட்டில் மட்டும் திருகினால் அந்த இடம் நட்சத்திரம்போல விரிசல் விடும். உள்ளே சிறு பிளைவுட் துண்டு வைத்து மேட்டால் ஒட்டி, அதில் திருகுங்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பை இழுத்தால் உரசிச் சூடாகி முடிச்சிலேயே அறும். வெயிலில் நரம்பு மின்னினால் கறுப்பு மார்க்கரை நீளவாக்கில் ஓட்டுங்கள். சவுக்குத் தோப்பு, பாறை என்று கலைந்த பின்னணியில் நரம்பு கண்ணுக்கே தெரியாது. ஒரே நிறச் சுவருக்கு முன்னால்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது காற்று. வினாடிக்கு 8 மீட்டர் காற்றில் இந்த உருண்டையை ஏறக்குறைய 90 கிராம் விசை தள்ளும், நரம்பு ஏழு டிகிரி சாயும். 12 மீட்டரில் 200 கிராம், பதினான்கு டிகிரிக்கு மேல். தானாக மிதக்கும் பொருள் அப்படிச் சாய்ந்தாடாது. பார்ப்பவர் உடனே கண்டுகொள்வார். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இதைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். முட்டத்துச் செம்மணல் மேடு டாட்டூயினுக்கு நன்றாகப் பொருந்தும். அதிகாலையில், மேட்டின் காற்று மறைவுப் பக்கம் எடுங்கள். தென்னைக்குத் தென்னை கயிறு கட்டினால் மரம் ஆடும்போது இதுவும் ஆடும். ஐந்து மீட்டர் மூங்கில் கழியை ஒருவர் தோளில் வைத்துப் பிடித்து நடப்பதே மேல். அவர் கால் பதிக்கும் அதிர்ச்சி தெரியாமலிருக்க வினாடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள்.

மணவாளக்குறிச்சி கரையில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்மூடியைப் பிடிக்க 10 மி.மீ. நியோடிமியம் காந்தம் நான்கு வைப்பது வழக்கம். அந்தக் கருமணலில் உள்ள இல்மனைட் என்ற இரும்புத் தாது அந்தக் காந்தத்தில் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். மூடி சேராது, துணியால் துடைத்தாலும் போகாது. மூடியை மணலில் வைக்காதீர்கள். ஒட்டிவிட்டால் செலோ டேப்பைக் காந்தத்தின் மேல் அழுத்தி அழுத்தி எடுங்கள், வரும்.

உள்ளே உண்மையான கேமரா இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடற்கரையில் குளிப்பவர்கள், வலை பின்னுபவர்கள் பக்கம் அதைத் திருப்பக் கூடாது. கரையோரம் கறுத்த உருண்டை தொங்கினால் யாரும் சந்தேகப்படுவார்கள், அதனால் முன்கூட்டியே ஊராரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. வீடு திரும்பியதும் செல்லைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஓட்டைத் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். நரம்பை மட்டும் அடுத்த படப்பிடிப்புக்குப் புதிதாக மாற்றுங்கள். மணலில் இழுபட்ட நரம்பில் விழுந்த கீறல் பளு ஏறும்போதுதான் தெரியவரும்.