மெரினா பேயில் ஒரு மத்தியானம்

மச்சான்தான் சிங்கப்பூர்ல மெரினா பே சாண்ட்ஸ் மாலுக்கு இழுத்துட்டுப் போனார். கட்டடத்துக்குள்ளேயே கால்வாய், அதுல சம்பான் படகு! மேல பெரிய கிண்ணம் மாதிரி ஒண்ணு. தண்ணி சுழண்டு சுழண்டு நடு ஓட்டை வழியா 'சோ'ன்னு கீழ கொட்டுது. வாயைப் பிளந்துட்டு நின்னேன்.

லூயி விட்டான்ங்கிற விலையுயர்ந்த கைப்பை பிராண்டுக்குத் தண்ணி நடுவுல தனிக் கட்டடமே இருக்கு. உள்ள எந்தப் பையிலயும் விலைச்சீட்டு கண்ணுல படல. கேக்க எனக்குக் கூச்சம். வீட்டுக்காரி கேட்டா. பதில் வந்ததும், "சுத்திட்டு வரோம்"னு தி.நகர் பாணியில நழுவிட்டோம்.

100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல வாங்கினா டூரிஸ்ட்டுக்கு 9% ஜி.எஸ்.டி. ஏர்போர்ட்ல திரும்பக் கிடைக்கும் (சேவைக் கட்டணம் பிடிச்சுக்குவாங்க). நாங்க வாங்கினது ரெண்டு காபி.

சாயங்காலம் முஸ்தபாங்கிற பெரிய கடையில ஒரு டஜன் கோடாலித் தைலம் எடுத்தப்பதான் வீட்டுக்காரி முகத்துல சிரிப்பு வந்துச்சு.