கதவோரக் குரல்

முதல் நாள் தடுமாறியது என் கால்கள்.

மலேசிய விமானப்படையின் நூரி ஹெலிகாப்டரில் 12 ஆண்டு, அப்புறம் எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலையில் எஸ்-76, ஏடபிள்யூ-139 என்று இன்னொரு 12 ஆண்டு. இவை எல்லாவற்றிலும், மேலிருந்து பார்த்தால், ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை உயர்த்திச் சக்தியைக் கூட்டினால் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். உடனே இடது கால் பெடலை அழுத்தும். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை எழும்போதே கால் போய்விடும்.

படைக்குத் திரும்பியபின் நான் பழக வேண்டியிருந்த கராக்கல் பிரெஞ்சு ஹெலிகாப்டர். அதன் ரோட்டர் கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறது. அங்கே வலது கால்தான் அழுத்த வேண்டும். சுபாங்கில் இருக்கும் சிமுலேட்டரில் இதைப் பலமுறை பழகிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் 2022-ல் குவாந்தான் தளத்தில் நிஜமான வண்டியைத் தரையிலிருந்து கிளப்பிய அந்தக் காலையில், 24 வருஷப் பழக்கத்தில் இடது கால் முந்திக்கொண்டது. 11 டன் வரை எடை தாங்கும் வண்டி சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் தன் வலது பெடலை லேசாக அழுத்தி மூக்கை நேராக்கினார். "துவான், இன்னொரு முறை செய்வோம்" என்றார், அவ்வளவுதான். துவான் என்றால் மலாயில் ஐயா. பதவியில் அவர் கேப்டன், நான் மேஜர். அவருக்கு 31 வயது. 1998-ல் நான் நூரியில் ஏறியபோது அவர் முதலாம் ஆண்டு மாணவர். ஆனால் ஹெலிகாப்டருக்குள் யார் பொறுப்பு என்பதைத் தோளில் இருக்கும் பட்டையோ வயதோ முடிவு செய்வதில்லை. அன்றைக்கு எந்தப் பெயரில் பறப்பு அனுமதி எழுதியிருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. அது எனக்குப் பிடித்தமான விதி. எனக்கு எதிராக இருந்த அந்தக் காலையிலும் பிடித்தே இருந்தது.

நான் பட்டர்வொர்த், பாகான் டாலாமில் பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். 1988-ல் ஆஸ்திரேலியர்கள் பட்டர்வொர்த் தளத்தை நம் விமானப்படையிடம் ஒப்படைத்தபோது எனக்கு 12 வயது. போர் விமானங்கள் மேலே போனால் காதைப் பொத்திக்கொள்வோம். நூரி வந்தால் வாசலுக்கு ஓடுவோம். அது தாழப் பறக்கும், மெதுவாகப் போகும், உள்ளே இருக்கும் ஆள் தெரியும். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் சில நாள் கையசைப்பார். அவர் வேலைக்குப் பெயர் குவாட்டர்மாஸ்டர் என்றும், அவர் இல்லாமல் விமானியால் பாதி வேலையைச் செய்யவே முடியாது என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் காட்டுக்கு மேல் அந்தரத்தில் நிற்கும்போது விமானிக்குத் தன் காலுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. வாலுக்குப் பின்னால் எந்தக் கிளை நிற்கிறது என்றும் தெரியாது. வலப்பக்கக் கதவில், இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிப் படுத்திருப்பவருக்கு மட்டுமே அது தெரியும். அவர் சொல்வார்: "ஃபார்வர்ட் ஃபைவ்… ஃபோர்… த்ரீ… டூ… ஒன்… ஸ்டெடி." ஸ்டெடி என்றால் அப்படியே நில். அந்த எண்களின் வேகமே ஒரு பேச்சு. எண்கள் நிதானமாக வந்தால் நாமும் நிதானமாக நகர வேண்டும். நெருங்கி வந்தால் அடக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணை முன்னால் இருக்கும் ஒரு மரத்தின் மேல் வைத்துவிட்டு, அவர் கண்ணால் கீழே பார்த்துக்கொண்டு பறக்கிறோம்.

நூரி 1968-ல் இந்த நாட்டுக்கு வந்தது. எல்லைக் காவல் நிலைகளுக்கு அரிசி, உள்காட்டு ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்களுக்கு மருந்து, தேர்தல் நேரத்தில் வாக்குப்பெட்டி, வெள்ளத்தில் சிக்கிய கர்ப்பிணி என்று அது சுமக்காதது இல்லை. எங்களில் பலரின் உயிரையும் அது கொண்டுபோயிருக்கிறது. மலைத்தொடரில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்குப் புரியும்.

2003-ல் பேராக் காட்டில் ஓர் இறங்குதளம். மூன்று பக்கமும் மரம். நான் கேப்டன், வயது 27, கையில் நல்ல பெயர். சுமை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது வாலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துத் திருப்பினால் காற்று முகத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். கதவோரத்தில் இருந்த சார்ஜன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கெடாக்காரர், "ஸ்டெடி" என்றார். நான் இன்னும் ஒரு அடி எடுத்தேன். "ஸ்டெடி, ஸ்டெடி!" அப்போதுதான் நிறுத்தினேன். தளத்துக்குத் திரும்பியபின் டெக்னீஷியன்கள் வால் ரோட்டரின் நுனியில் பச்சைக் கறையைக் காட்டினார்கள். இலைதான். கிளையாக இருந்திருந்தால் ஆறு பேர் திரும்பியிருக்க மாட்டோம். சார்ஜன் வழியெல்லாம் எதுவும் பேசவில்லை. தரையில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, என்னைத் தனியாக அழைத்துப்போய் ஒரே கேள்வி கேட்டார்.

"துவான், நான் முதல் தடவை சொன்னது கேட்டதா?"

கேட்டது. அதுதான் என் பதில். அந்தப் பதிலைச் சொன்ன வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

2010-ல் படையை விட்டேன். இரண்டு பிள்ளைகள், அம்மாவின் மருத்துவச் செலவு, வீட்டுக் கடன். கெர்த்தேயிலிருந்து கடலுக்குப் பறக்கும் வேலை நல்ல சம்பளம் தந்தது. இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு. அந்த வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். கடல்மேடையின் தளத்தில் வட்டமும் பெரிய எழுத்தும் தெளிவாக எழுதியிருக்கும், காற்றின் திசையும் வேகமும் ரேடியோவில் வரும், தீயணைப்பு ஆட்கள் தயாராக நிற்பார்கள். பார்வைத்தூரம் குறைந்தால் திரும்பிவிட வேண்டும், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இளவயதில் எனக்கு இல்லாமல் போன ஒரு நிதானத்தை அந்த 12 வருஷம்தான் தந்தது. ஆனால் அங்கே கதவோரத்தில் யாரும் கிடையாது. பின்னால் இருப்பவர்கள் உயிர்காப்பு அங்கி போட்ட பயணிகள்.

திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றியது 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி. பினாங்கில் இருந்தவர்கள் யாரும் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டார்கள். காற்றும் மழையும் விடியும்வரை நிற்கவில்லை. தீவிலும் செபராங் பிறையிலும் வீட்டுக்குள் தண்ணீர். ஏழு பேர் இறந்தார்கள். எனக்கு அது ஓய்வு வாரம், வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றினேன், அரிசி மூட்டையை மேசைமேல் வைத்தேன். அதற்குமேல் என்னால் ஆனது எதுவும் இல்லை. மழை விட்ட மறுநாள் மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டபோது, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். சின்ன வயதில் வாசலுக்கு ஓடியதுபோல. இத்தனை மணி நேரம் பறந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் ஏன் கீழே நிற்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

மனைவியிடம் அன்றைக்கே சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். "ஓய்வு நாளையும் அங்கே கொடுத்துட்டா, எங்களுக்கு எந்த நாள்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இன்றும் இல்லை. விமானப்படையின் தன்னார்வப் படைக்கு மனுப் போட்டேன். 2019-ல் நூரி பறப்பதை நிறுத்தினார்கள், படையில் நான் ஓட்டிய ஹெலிகாப்டரே இல்லாமல் போனது. அப்புறம் கோவிட் வந்தது. மனு எங்கோ கிடக்கிறது என்றே நினைத்திருந்தபோது, 2022-ல் மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

முதுகு எதிர்பார்த்தபடிதான் இருந்தது. ஒரு கை கலெக்டிவில், ஒரு கை ஸ்டிக்கில், உடம்பை முன்னால் வளைத்து அதிர்வில் உட்கார்ந்தே வாழ்ந்தவர்களுக்கு முதுகுவலி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் காதுப் பரிசோதனை என்னை உலுக்கியது. வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். தகுதி வரம்புக்குள்தான் இருந்தேன். இருந்தாலும் டாக்டர் சொன்னதை மறக்க முடியவில்லை: பேச்சு கேட்கும், ஆனால் ச, த, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் மங்கும். "ஸ்டெடி" என்ற சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதன் தொடக்கமே அந்த மெல்லிய ஒலிதான்.

கராக்கலில் தானியங்கி நன்றாக வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும், நூரியில் வியர்க்க வியர்க்க நாங்கள் கையால் பிடித்த அதே நிலை. ஆனால் பயிற்றுநர் முதல் பல பயிற்சிகளில் அந்தப் பொத்தானைத் தொட விடவில்லை. "அது ஒரு நாள் வேலை செய்யாது, துவான். அந்த நாளுக்குப் பயிற்சி எடுப்போம்." சரியான ஆசிரியர். எப்போது பேச வேண்டும், எப்போது என்னைத் தவறவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த வயதிலேயே தெரிந்து வைத்திருக்கிறார். நான் அவர் வயதில் அப்படி இல்லை.

கை சீக்கிரம் திரும்பி வந்தது. கால் மூன்று வாரம் எடுத்தது. கண்ணுக்குத்தான் அதிக நாள் ஆனது. கடல்மேடையில் காற்றை ரேடியோவில் கேட்டுப் பழகிவிட்டேன். காட்டில் இலையைப் பார்க்க வேண்டும். மர உச்சியில் இலைகளின் வெளிர்ப்பக்கம் எந்தப் பக்கம் தெரிகிறது, ஆற்று நீரில் சிற்றலை எங்கே மடிகிறது, குடிசைப் புகை எப்படிச் சாய்கிறது. ராத்திரிப் பார்வைக் கண்ணாடி இன்னொரு தனிப் பாடம். கண்ணுக்கு இயல்பாகத் தெரிகிற அகலம் போய் 40 பாகை மட்டும் தெரியும், தூரமும் ஆழமும் பிடிபடாது. கழுத்தை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 46 வயதில் அது சுலபமில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கதவோரத்தில் இப்போது இருப்பவர் ஒரு தமிழ்ப் பையன். பையன் என்கிறேன், சார்ஜன் அவர், பிறைக்காரர். ரேடியோவில் நான் துவான். பசியாற உட்கார்ந்தால் அண்ணன். முதல் நாளே அவரிடம் என் காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 2003-ல் நடந்ததையும் சொன்னேன். மறைத்து வைத்துக்கொண்டு அவரை அந்தக் கதவில் படுக்க வைப்பது முறையில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிண்ணே, நான் எண்களை இழுத்துச் சொல்றேன். நீங்க நின்னதும் 'ஸ்டெடி'ன்னு திருப்பிச் சொல்லுங்க. சொல்லலைன்னா கேக்கலைன்னு எடுத்துக்குவேன்" என்றார். பயிற்றுநரிடமும் சொன்னோம். அவரும் ஒப்புக்கொண்டார்.

இறுதித் தேர்வு, மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டவெளியில் வின்ச், அதாவது கொக்கி மாட்டிய கம்பிவடம், இறக்குவது. வின்ச் கொக்கி முதலில் தரையைத் தொட வேண்டும். பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், தரையைத் தொடாத கொக்கியைப் பிடித்தால் ஆளைத் தூக்கிப் போடும். அதுவரை ஒரு அடிகூட நகராமல் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பட்டுப்போன மரம். அதன் முறிந்த கிளை ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். "ஃபார்வர்ட் ஃபோர்… த்ரீ… டூ…" ஒன்றை அவர் சொல்லவில்லை. "ஸ்டெடி" வந்தது. கீழே என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. "ஸ்டெடி" என்றேன். வண்டி நின்றிருந்தது, வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

இறங்கியபின் பதிவேட்டில் மணிக்கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். சார்ஜன் வாரைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பக்கவாட்டில் ஒரு கிளை காற்றில் உள்ளே சாய்ந்ததாம், அதனால்தான் முன்கூட்டியே நிறுத்தச் சொன்னாராம்.

"அண்ணே, நான் ஸ்டெடி சொன்னப்ப நீங்க எப்ப நின்னீங்க தெரியுமா?"

"எப்ப?"

"நான் சொல்லி முடிக்கல."

அன்று மாலையே காரை எடுத்தேன். குவாந்தானிலிருந்து பட்டர்வொர்த் ஏழு மணி நேரம். ராத்திரி வீட்டில் படுத்துவிட்டு, காலையில் வடக்கே சுங்கை பட்டாணிக்குப் போனேன். பழைய சார்ஜன் அங்கே மகளோடு இருக்கிறார். நெஞ்சுவரை தாடி, வாசலில் இரண்டு ரம்புத்தான் மரம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்கார வைத்தேன். அவருக்கு இப்போது இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நேற்று நடந்ததை முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னேன்.