கமிஷன் இல்லை என்று எழுதியிருந்தது

வெளிநாடு போகும்முன் பணம் மாற்றுவது பத்து நிமிட வேலை என்று யாராவது சொன்னால், அவர்களுக்காக வேறு யாரோ அலைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு வேண்டியது கொஞ்சம் யூரோ, கொஞ்சம் டாலர். கணக்கு இருக்கும் வங்கிக்குப் போன் செய்தேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். போய் நின்றால், கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "இந்தக் கிளையில் கரன்சி வைப்பதில்லை, எழுதிக் கொடுத்தால் வரவழைக்கலாம்" என்றார். சரி, எழுதிக் கொடுக்கிறேன் என்றால், பாஸ்போர்ட் நகல் போதாதாம், அசல் வேண்டுமாம். டிக்கெட் நகலும் வேண்டுமாம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "போனில் பேசுவது வேற செக்‌ஷன்" என்று பதில். அரை நாள் போச்சு. நீங்கள் போன் செய்தால், இந்தக் கிளையில் இன்றைக்கே கையில் கிடைக்குமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள். பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு மணி சேஞ்சர். வாசலிலேயே கொட்டை எழுத்தில் "கமிஷன் இல்லை". உள்ளே பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு வரிசை. இரண்டுமே கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதியவை. நாம் யூரோ வாங்கப் போனால் பார்க்க வேண்டியது விற்கும் விலையை. வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் விலை, அதாவது நெட்டில் நாம் பார்க்கும் விலை, 100 என்று வையுங்கள். கடை 106-க்கு விற்று, மிச்சமானதை நம்மிடம் 94-க்குத் திரும்ப வாங்கினால், அப்புறம் கமிஷன் எதற்கு? இதை மெதுவாகத்தான் கேட்டேன். "நெட்டில் பார்த்த ரேட்டுக்கு நெட்டிலேயே வாங்கிக்கோங்க" என்றார் அந்த மனிதர். அந்த விலைக்குத் தனி ஆள் யாருக்கும் நோட்டு கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளக்க அதைத் தவிர வேறு கோல் இல்லை.

அதற்குப் பிறகு ரேட் கேட்பதையே விட்டுவிட்டேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "இவ்வளவு பணம் தந்தால், எல்லாம் கழித்து, கையில் எத்தனை யூரோ வரும்?" ஒரே காலையில், ஒரே தொகைக்குக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோதுதான், பலகையில் அழகான ரேட் போட்டிருந்த ஓர் இடம் சேவைக் கட்டணம் என்று ஒரு நிலையான தொகையைப் பிடித்துக்கொண்டு கடைசிக்கு வந்தது. சின்னத் தொகை மாற்றுகிறவர்களை இந்த நிலையான கட்டணம்தான் கடிக்கும். பெரிய தொகை என்றால் ரேட்டைப் பாருங்கள். இன்னொன்று, சனி ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எப்படித் திறக்குமோ என்று சில கடைக்காரர்கள் விலையில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். வார நாளில் போவது நல்லது.

கடைசியில் ஜெயித்தது இணையத்தில் முன்பதிவு செய்து கவுண்டரில் வாங்கும் முறை. வேடிக்கை என்னவென்றால், அதே கடையில் நேராக நடந்து வந்தவருக்கு ஒரு ரேட், பதிவு செய்து வந்த எனக்கு அதைவிட நல்ல ரேட்.

ஆனால் நோட்டை வாங்கும்போது இன்னொரு பஞ்சாயத்து. முதலில் ஒரு 500 யூரோ நோட்டை நீட்டினார்கள். அது இன்னும் செல்லும். ஆனால் 2019-லேயே புதிதாக வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள், பல கடைகளில் தொடக்கூட மாட்டார்கள். 20, 50 ஆகக் கேட்டு வாங்கினேன். டாலரில் இன்னும் மோசம். சின்ன முகம் போட்ட பழைய நூறு டாலர் நோட்டுகள், ஒன்றில் மை முத்திரை வேறு. "செல்லும் நோட்டுதானே" என்றார். அமெரிக்காவில் செல்லும். மற்ற நாடுகளில் மாற்றப் போனால் பழசு, கறை, கிழிசல் என்று திருப்பிவிடுகிற இடங்கள் நிறைய. 2013-ல் வந்த, நீலப் பட்டை ஓடும் நோட்டுதான் வேண்டும் என்று கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். மேலாளர் வந்தார், கீழ் டிராயர் திறந்தது, புது நோட்டுகள் வந்தன! ஜன்னலை விட்டு நகரும் முன் எண்ணிப் பார்த்துவிடுங்கள். ரசீதை எறியாதீர்கள், மிச்சப் பணத்தைத் திருப்பித் தரும்போது சில இடங்களில் கேட்பார்கள். நாணயங்களைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்குவதில்லை.

உறவினர் யாராவது "பழைய பவுண்டு கிடக்கு, எடுத்துட்டுப் போ" என்று அன்போடு கொடுத்தால், காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

விமான நிலையக் கவுண்டரை எட்டித்தான் பார்த்தேன். அவ்வளவு அலைந்ததற்கு அந்தப் பலகையில் இருந்த மோசமான ரேட்டே ஆறுதல்.

முதல் இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் நோட்டு போதும். மீதிக்கு, போகிற ஊரில் வங்கி ஏடிஎம்மில் டெபிட் கார்டு போட்டு எடுத்துக்கொள்ளலாம். அயல்நாட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?" என்று அக்கறையாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்தி, உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் ரேட். சில மெஷின்கள் நிஜமாகவே வேண்டாமா என்று இன்னொரு தடவையும் கேட்கும். நிஜமாகவே வேண்டாம்.