எட்டு ஓட்டு

ஜெர்சி என்றதும் நம்மூரில் மாடுதான் நினைவுக்கு வரும். அந்த மாட்டுக்குப் பூர்வீகமே இந்தத் தீவுதான். பிரான்ஸ் கரையோரம் கிடக்கிறது. பிரிட்டிஷ் அரச மகுடத்துக்குக் கட்டுப்பட்டது, ஆனால் பிரிட்டனின் பகுதி இல்லை. சட்டமன்றமும் தனி, வரியும் தனி. கணக்கு வேலைக்காக நான் இங்கே வந்த மூன்றாவது வருடம், 2018இல், கையில் இந்திய பாஸ்போர்ட்டோடு போய் ஓட்டுப் போட்டேன்.

இதைச் சொன்னால் வீட்டில் நம்பவில்லை. இங்கே ஓட்டுக்குக் குடியுரிமை தேவையில்லை. 16 வயது ஆகியிருக்க வேண்டும், தொடர்ந்து இரண்டு வருடம் தீவில் வசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கே பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரியும்.

பதிவு செய்ய பாரிஷ் ஹாலுக்குப் போனேன். பாரிஷ் என்றால் நம்மூர் ஊராட்சி மாதிரி, தீவில் மொத்தம் 12. ஒவ்வொன்றுக்கும் தலைவர் ஒரு கான்ஸ்டபிள். லத்தி வைத்திருப்பவர் இல்லை. நம்மூர்க் கணக்கில் பஞ்சாயத்துத் தலைவர், அந்தப் பதவியாலேயே சட்டமன்றத்திலும் அவருக்கு இடம் உண்டு. படிவத்தில்தான் நான் சொதப்பினேன். இனிஷியலோடு வளர்ந்தவனுக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒரு கட்டத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் என் பெயர். எதை எதில் எழுதினேன் என்பதை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

அப்போது மன்றத்தில் 49 பேர்: 8 செனட்டர், 12 கான்ஸ்டபிள், 29 டெபுட்டி. டெபுட்டி உங்கள் பகுதிக்காரர். செனட்டரை மட்டும் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். ஆளுக்கு எட்டு ஓட்டு. அதனால் செனட்டர் வேட்பாளர்கள் பாரிஷ் பாரிஷாக வந்து, ஒரே மேசையில் வரிசையாக உட்கார்ந்து, கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மைக்செட் கிடையாது, மாலை கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு.

எங்கள் ஹாலில் முதல் அரைமணி நேரம் புது ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவது என்பதிலேயே போயிற்று. பிறகு ஒருவர் எழுந்து, வெளியாட்கள் இப்படியே வந்துகொண்டிருந்தால் ஒன்பது மைல் நீளத் தீவு தாங்குமா என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் வெளியாள் என்று பார்த்ததும் தெரிகிற முகம் என்னுடையது ஒன்றுதான். பிஸ்கட் தொண்டையில் நின்றது. மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள், சிலர் என்னைப் பார்க்காமல், ஒருவர் என்னைப் பார்த்தபடியே. என் எட்டில் மூன்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. பார்த்தபடி பேசியவர் சொன்ன கருத்து எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவருக்கும் ஒன்று போட்டேன்.

மே 16, புதன்கிழமை. வேலைக்குப் போகும் வழியில் நுழைந்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை. மேசையிலிருந்த அம்மாள் பொறுமையாகப் புரட்டினார். வியர்த்துவிட்டது. "அப்பா பெயரில் பாருங்கள்" என்றேன். இருந்தது! செத்து ஆறு வருடம் ஆன மனிதர், எனக்காக ஜெர்சி வாக்காளர் பட்டியலில் காத்திருந்தார்.

தடுப்புக்குப் பின்னால் எட்டுப் பெருக்கல் குறி போடுவது லேசில்லை. ஐந்துவரை தெளிவு. ஆறாவதில் யோசனை. குறைத்துப் போடலாம், எட்டைத் தாண்டினால் சீட்டு செல்லாது. ஏழோடு நிறுத்திக்கொண்டேன். வெளியே வந்து பழக்கதோஷத்தில் விரலைப் பார்த்தேன். மை இல்லை. பன்னிரண்டு பாரிஷ் எண்ணிக்கையையும் கூட்டித்தான் செனட்டர் முடிவு வரும் என்பதால் இரவு தூக்கம் கெட்டது. நான் போட்ட ஏழில் நாலு பேர் ஜெயித்தார்கள்.

செனட்டர் என்பது 1948இல் உண்டான பதவி. எனக்குப் பிடிபடத் தொடங்கியபோது தூக்கிவிட்டார்கள். 2022 தேர்தலில் செனட்டர் இல்லை. ஒன்பது தொகுதி, 37 டெபுட்டி, பழைய 12 கான்ஸ்டபிள். ஒரு பகுதிக்காரன் ஓட்டுக்கும் இன்னொரு பகுதிக்காரன் ஓட்டுக்கும் எடை சமமாக வேண்டும் என்பது காரணம். நியாயம்தான். போட்டியே இல்லாத இடத்தில்கூட நம்மூர் நோட்டா மாதிரி ஒரு கட்டம் வைத்தார்கள், அதுவும் நல்லது. ஆனால் கூட்டத்துக்குப் போனால் எங்கள் தொகுதி ஆட்கள் மட்டும். முதலமைச்சராகப் போகிறவர் வேறு தொகுதியில் நின்றால், அவரிடம் ஆஸ்பத்திரி பற்றி நான் எப்படிக் கேட்பது? பாட்டி சாகும்வரை இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

2025இல் மன்றமே மனம் மாறி, 2026 தேர்தலுக்குச் செனட்டர்களை மறுபடி கொண்டுவர முடிவு செய்தது. 9 செனட்டர், 28 டெபுட்டி, 12 கான்ஸ்டபிள். கணக்கு வேலைக்காரன் புத்தி, உடனே கூட்டிப் பார்த்தேன். அதே 49.