உப்புக்காற்றும் ஊர்ப் பூங்காக்களும்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நகராட்சிகளில் 1987 முதல் 2021 வரை பணியாற்றினேன். அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி, பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் இருந்த அலுவலகங்களில் பூங்காவுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. குடிநீர்க் குழாய், சாலை, தெருவிளக்கு எல்லாம் முடிந்த பிறகு பொறியியல் பிரிவு திரும்பிப் பார்க்கும் வேலை அது. 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்ட 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய வசதிகள் நகராட்சிகளுக்குரிய பணிகளுள் 12ஆவதாக வருகின்றன. நிதி கேட்டு நான் எழுதிய குறிப்புகள் எல்லாம் அந்த வரியில்தான் தொடங்கின.

தொடக்க காலத்தில் நான் செய்த பெரும்பிழை புல்தரை. வெளியூர்ப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு வந்து, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு ஏக்கர் நிலத்தில் புல் பதித்தேன். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் புல்லுக்குச் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். எங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றை நம்பினோம். இரண்டு கோடைகளுக்குள் நீர் உவரேறி, புல்லின் நுனி கருகி, தரையில் உப்புப் பூத்துவிட்டது. குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும் ஊரில் லாரித் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்ச என் மனம் ஒப்பவில்லை. அந்த நாள்களில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர், "தம்பி, இதுக்கு நாலு பூவரசம் போத்த (நடுவதற்கு வெட்டிய கிளையை) ஊனி விட்டிருந்தா அது பாட்டுக்கு வந்திருக்கும்ல" என்றார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த தொழில்நுட்ப ஆலோசனைகளில் அதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு கரையில் தானாக வளர்ந்து நிற்பவற்றைப் பார்த்துப் பார்த்தே நடத் தொடங்கினோம். கடலை நோக்கிய விளிம்பில் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வெட்டாமல் விட்டால் அவையே மணலைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு உள்ளே தாழை, அதற்கும் உள்ளே புன்னையும் பூவரசும், காற்றின் வேகம் அடங்கிய நடுப்பகுதியில் வேம்பும் புங்கையும் என்று வரிசை வைத்துக்கொண்டோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதல் வரிசையின் இலைகள் உப்புப் பட்டுக் காய்ந்துபோகும். பின்வரிசை பிழைக்க அதுதான் விலை. கன்றுகளை ஆடியில் நடச் சொல்லி ஒரு முறை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விழா முடிந்தது, கன்றுகளும் முடிந்தன. புரட்டாசிக் கடைசியில் குழி எடுத்து, முதல் மழையோடு நட்டவைதான் இன்று நிழல் தருகின்றன. பூவரசு நிழலைத் தேடி வருவோர் ஒருபுறம் இருக்க, அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவே பிள்ளைகள் வருவார்கள்.

ஊஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் இரும்புச் சங்கிலி வெளிப்பார்வைக்கு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இரண்டு கண்ணிகள் உரசும் உட்புறத்தில்தான் தேய்ந்து கொண்டே போகும். பெயிண்ட் அடித்துவிட்டால் அந்தத் தேய்மானம் கண்ணுக்கே படாது. ஒரு மாலையில் சங்கிலி அறுந்து ஒரு சிறுமிக்குக் கை முறிந்தது. அவளுடைய அப்பா என்னைத் திட்டவில்லை, அதனால்தான் அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் முதல், மாதந்தோறும் ஒவ்வொரு கண்ணியையும் திருப்பிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவும், தடிமன் கால் பங்கு குறைந்தால் சங்கிலியையே மாற்றவும் ஏற்பாடு செய்தேன். தகரச் சறுக்குமரங்களை மேற்கு வெயில் படாதபடி வடக்குப் பார்த்துத் திருப்பி வைத்ததும் அந்த ஆண்டில்தான்.

மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கெனக் கிடைக்கும் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக எஞ்சியதில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதே பொதுவிதி. பத்திரம் வந்த மாதத்திலேயே அளந்து, கல் நட்டு, கம்பிவேலி போட்டுவிட வேண்டும். ஓராண்டு தள்ளிப்போட்டால் அங்கே முதலில் சீமைக்கருவேலம் வளரும், பிறகு ஒரு கொட்டகை வரும்.

பூங்கா யாருக்கு, எந்த நேரத்துக்கு என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று வாயிலில் பலகை மாட்டியிருந்தோம், நடுப்பகலில் பூட்டு. அது அலுவலகத்தில் இருப்பவர்களின் நேரம். விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்கும், நீர்மட்டம் பார்த்துக் கடல்பாசி எடுக்கப் போய் வருபவர்களுக்கும் ஓய்வு கிடைப்பதே அந்தப் பூட்டிய நேரத்தில்தான். பூட்டை எடுத்துவிட்டு, காலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது வரை திறந்தே வைக்கச் சொன்னபோது, சேதம் வரும் என்று பலர் எச்சரித்தார்கள். கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் விட்டோம். ஆள் நடமாட்டம் கூடியதும் சேதம் குறைந்தது.

மீன்பிடித் தடைக்காலத்திலும் இதே பாடம்தான். எங்கள் கரையில் அது ஏப்ரல் 15 அன்று தொடங்கும். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்க, ஆண்கள் வலையோடு நிழல் தேடி வருவார்கள். பூங்காவில் வலை விரிக்கக் கூடாது என்று நானே ஒரு முறை ஆள் வைத்து அப்புறப்படுத்தினேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். அடுத்த ஆண்டு, பூவரசு வரிசைக்குக் கீழே மணல் பரப்பிய ஒரு பகுதியை வலை பின்னுவோருக்கென்றே ஒதுக்கினோம். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருவதால், அப்பா வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி மகன் கபடி ஆடுவான். இடையிடையே ஓடிவந்து நூல்கட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். ஓய்வு பெறும் நாளில் என் பதிவேடுகளை ஒப்படைத்தபோது, அந்த வலைப்பகுதியை வரைபடத்தில் சிவப்பு மையால் சுற்றிக் காட்டி, இங்கே நடைபாதைக் கல் பதிக்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.