ஏரா எங்க போச்சு மாப்ள?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கரையெல்லாம் உளிச் சத்தம்தான். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, பலகை மாற்ற, பெயின்ட் அடிக்க என்று கரையேறிக் கிடக்கும். ஓடாவி வேலை, அதாவது படகு கட்டும் தச்சு வேலை, பார்க்கும் என் மாமாவுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. நானோ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு மொபைல் கேமுக்காக ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட வந்தவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏரா எங்க போச்சு மாப்ள? இது வள்ளமா, வாணாச் சட்டியா?" என்றார்.

ஏரா என்றால் படகின் அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு மரம். இரண்டு பக்கப் பலகைகளும் வந்து சேர்கிற இடம், அங்கே ஒரு கூர் இருந்தே ஆகவேண்டும். நான் அதை வைக்காமல் இல்லை. வைத்ததை சப்டிவிஷன், அதாவது முரட்டு உருவத்தை வழவழப்பாக்கும் வசதி, தின்றுவிட்டது.

எப்படித் தின்றது என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். 1978-ல் எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் எழுதிய முறை இது, இன்றைக்கும் ப்ளெண்டரில் ஓடுவது அதுதான். கட்டம் கட்டமாக ஒரு முரட்டு உருவத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக வெட்டி, புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளோடு சராசரி பார்த்து நகர்த்தும். படகைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்புள்ளி 24 அங்குல ஆழம், இருபக்கப் புள்ளிகளும் 0. ஏராப் புள்ளி தன் இடத்தில் எட்டில் ஆறு பங்கை வைத்துக்கொண்டு இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு பங்கு கொடுக்கிறது, அதனால் முதல் சுற்றில் 18-க்கு ஏறிவிடுகிறது. அடுத்து 16.5. எத்தனை சுற்று ஓட்டினாலும் கடைசியில் நிற்பது 16-ல். நான் வைத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி, கூரும் காலி. மாமா சட்டி என்றதில் தப்பே இல்லை.

முதலில் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் செய்தேன், ஏராவை ஒட்டி இரண்டு பக்கமும் கூடுதல் கோடுகள். கூர் வந்தது. ஆனால் அந்தக் கோடுகள் வளைந்து மேலே ஏறும் இடத்தில் பக்கப் பலகை லேசாகப் புடைத்துக்கொண்டது. சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, மேட்கேப் என்ற பளபளப்பான பூச்சைத் திரையில் போட்டுச் சுற்றினால் ஒளிக்கோடு அந்த இடத்தில் நெளியும். மாமா இதையே வேறு மாதிரி செய்வார்: இழைப்புளி ஓட்டிய பலகையில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டே மெதுவாக இழுத்துப் போவார், கை நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு சுழி. அந்த இடத்தில் நான் கண்ணை வைத்துப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது.

சரி, கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு க்ரீஸ், அதாவது மடிப்பு, போட்டேன். ஏரா ஓடும் விளிம்புகளைத் தேர்ந்து ஷிஃப்டும் ஈ-யும் சேர்த்து அழுத்தி இழுத்தால் போதும். அந்த விளிம்புக்கு விதி மாறுகிறது: இடதும் வலதும் உள்ள பலகைகளைக் கேட்காதே, மடிப்பு ஓடும் வழியில் முன்னும் பின்னும் உள்ளவர்களை மட்டும் கேள். அதனால் நடக்கிற அழகைப் பாருங்கள், குறுக்கே கத்தி மாதிரி கூர், ஆனால் நீளவாக்கில் ஏரா வில்லாக வளைந்து படகின் முன்முனையான அணியத்துக்கு ஏறுகிறது. நிஜ ஏராவும் அப்படித்தானே. பின்பக்கத்தில் மூன்று மடிப்புகள் சந்திக்கும் மூலையை அசையவே விடாது, வைத்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

முழு க்ரீஸ் கொடுத்து மாமாவிடம் காட்டினேன். "இப்ப காயப்படுத்துற மாதிரி இருக்கே. மணல்ல இழுத்த ஏரா இப்படியா இருக்கும்?"

அதற்கும் விடை இருக்கிறது, 1998-ல் அனிமேஷன் நிறுவனமான பிக்சாரின் டெரோஸ், காஸ், ட்ரூவாங் எழுதிய கட்டுரையில். ஒரு முதியவர் தனியாகச் சதுரங்கம் ஆடும் 'கெரிஸ் கேம்' குறும்படத்துக்காகச் செய்த வேலை அது. முதல் சில சுற்றுகள் மடிப்பு விதி, அப்புறம் சாதாரண விதி, அவ்வளவுதான். நம் 24 அங்குல ஏராவுக்கு ஒரு சுற்று மட்டும் மடிப்பு விதி கொடுத்தால் 20-ல் போய் நிற்கும், இரண்டு சுற்று கொடுத்தால் 22. கூர் மாதிரியும் இருக்கும், முனை மழுங்கியும் இருக்கும். ப்ளெண்டரில் இது 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் மழுங்கின முனையில்தான் வெயில் ஒரு மெல்லிய கோடாக விழுகிறது, கத்திக் கூரில் அது விழ இடமே இல்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனது அந்தக் கோட்டுக்காகத்தான். (ஓபிஜே கோப்பாக ஏற்றுமதி செய்தால் க்ரீஸ் உடன் வராது, சப்டிவிஷன் மாடிஃபையரை அப்ளை பண்ணி உருவத்தில் நிலைப்படுத்திவிட்டு அனுப்புங்கள். நான் அனுப்பாமல் ஒரு நாள் வீணாய்ப் போனது.)

அணியம்தான் இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு பக்கக் கோடுகளும் நெருங்கும் இடத்தில் ஒரு புள்ளியில் ஐந்து விளிம்புகள் சேர்கின்றன. நான்கு சேரும் இடத்தில் வளைவும் விட்டுப்போகாமல் தொடரும், ஐந்தில் அந்த உறுதி கிடையாது, ஒளிக்கோடு அங்கே கிள்ளினாற்போல் நிற்கிறது. இரண்டு ராத்திரி மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் மேல் ஒரு பழைய டயரைக் கயிற்றில் தொங்கவிட்டேன். நம் ஊர்ப் படகில் டயர் இல்லாமலா?

மாமா பார்த்தார். "டயர் சின்னது" என்றார்.