50 கேபிக்குள் என் முகம்

விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற அந்த ஒற்றை வரி நேற்று ராத்திரி 11.15 மணிக்குத்தான் வந்தது. பெயர், முகவரி, சான்றிதழ் எண்கள், தேர்வு மையம், கட்டணம் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை. மீதி இரண்டு நாளும் போனது ஒரு போட்டோவையும் ஒரு கையெழுத்தையும் ஏற்றுவதற்கு. போட்டோ 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். எனக்கும் மனப்பாடம்தான், ஆனால் அதற்குள் முகத்தை அடக்குவது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வருடமும் ஒரு அவமானமும் தேவைப்பட்டது.

அவமானம் போன வருடம் நடந்தது. எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தேன், கடைசி நாள், எனக்கு முன்னால் ஒன்பது பேர். "போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பி விடும்மா" என்றார் அண்ணன். அனுப்பினேன். அவர் அதை இறக்கி, ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டுச் சுருக்கினார். 14 கேபி ஆகிவிட்டது, எரர். வேறொரு வெப்சைட்டில் போட்டுப் பெரிதாக்கினார், 61 கேபி. திரும்பவும் சுருக்கினார். "எடுத்துக்கிச்சு பாரு" என்று சிரித்தபடி 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவரைத் திட்ட மனமில்லை, அந்தக் கூட்டத்தில் வேறு என்ன செய்ய முடியும். நானும் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை, அதுதான் தப்பு.

ஹால் டிக்கெட் வந்தபோதுதான் பார்த்தேன். முகம் அகலமாகி, கன்னம் உப்பி, என் பெரியம்மா சாயலில் யாரோ ஒருத்தி. கண் இருக்கும் இடத்தில் கறுப்பாக இரண்டு தீற்றல். என் டி.சி.யில் அங்க அடையாளம் என்று எழுதியிருப்பது இடது கன்னத்து மச்சம், அது சுத்தமாகக் காணோம். தேர்வறைக் கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார் (ஆதார் போட்டோவில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்), பிறகு வெளியே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். இது நான்தான் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்து பெஞ்சுப் பையன் எட்டாவது கேள்வியில் இருக்கிறான்.

அதனால் இந்த வருடம் நானே செய்வது என்று உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப், அதில் கிம்ப். படம் திருத்துகிற இலவச மென்பொருள்தான்.

முதல் நாள் முழுக்க வீண். செல்லில் எடுத்த படம் 3000-க்கு 4000 பிக்சல் (படத்தின் புள்ளிகள்), 4.2 எம்பி. அதை அப்படியே திறந்து, சேமிக்கும்போது கேட்கும் தரம் என்ற எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தேன். 80, 50, 20, கடைசியில் 5. அப்போதும் 200 கேபிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. படமோ அதற்குள் கட்டம் கட்டமாகப் பிரிந்து, நெற்றியில் டைல்ஸ் ஒட்டியது போல ஆகிவிட்டது.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது, புரிந்தபோது சிரிப்பும் வந்தது. ஜேபெக் (ஃபைல் பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று வருவது) என்பது படத்தைச் சுருக்கிச் சேமிக்க 1992-ல் தரப்படுத்தப்பட்ட முறை, இன்றைக்கும் இந்த விண்ணப்பங்கள் எல்லாம் அதைத்தான் கேட்கின்றன. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எடுபடாத நுணுக்கங்களைத் தூக்கி எறிந்துதான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. என் படத்தில் அப்படி 1,87,500 கட்டங்கள். 50 கேபியை அத்தனைக்கும் பங்கு போட்டால் கட்டத்துக்கு இரண்டு பிட் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) சொச்சம்தான் வரும். 64 பிக்சலை இரண்டு பிட்டில் எழுது என்றால் அது என்ன செய்யும், பாவம், கட்டம் முழுக்க ஒரே நிறத்தைப் பூசிவிட்டுப் போகிறது. அதே முகத்தை முதலில் 200-க்கு 230 பிக்சலாகக் குறைத்துவிட்டால் (விண்ணப்பத்திலேயே அந்த அளவு கொடுத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை) மொத்தமே 46,000 பிக்சல். 50 கேபி என்பது 51,200 பைட். பிக்சலுக்கு ஒரு பைட்டுக்கு மேலேயே கிடைக்கிறது! அதாவது 50 கேபி கஞ்சத்தனமான அளவே இல்லை. ஒரு நாள் பூராவும் கஞ்சத்தனம் என்று யாரை எல்லாமோ திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும், தரத்தில் கை வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிக்சல் அளவு, ஃபைல் அளவு இரண்டுக்கும் சைஸ் என்ற ஒரே சொல்லை நாம் சொல்வதால் வரும் குழப்பம் இது.

குறைப்பதற்கும் முன்னால் வெட்ட வேண்டும். செல் படம் 3-க்கு 4 என்ற விகிதம், இவர்கள் கேட்பது அதைவிட அகலம். வெட்டாமல் 200-க்கு 230 என்று வலுக்கட்டாயமாகத் திணித்தால் முகம் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 16 சதவீதம் விரியும். பெரியம்மா சாயல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. கிம்பில் வெட்டும் கருவியில் விகிதத்தை 200:230 என்று பூட்டி வைத்துவிட்டால் இழுக்கும் இழுப்புக்கெல்லாம் அதே விகிதத்தில்தான் வரும்.

இன்னொன்று. படத்தைத் திறந்தவுடன் சுழற்றட்டுமா என்று கிம்ப் கேட்டால் சுழற்று என்று சொல்லிவிடுங்கள். செல் பல நேரம் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, நிமிர்த்திக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் ஃபைலுக்குள் எழுதி வைக்கும். சுருக்கும்போது அந்தக் குறிப்பு போய்விட்டால் முகம் படுத்துவிடும். என் தோழி ஒருத்தியின் ஹால் டிக்கெட்டில் அவள் படுத்தபடியே இருந்தாள், தேர்வும் எழுதினாள், அது அவள் துணிச்சல்.

வெட்டிக் குறைத்த பிறகு எல்லாம் பத்து நிமிடம். ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யும் பெட்டியில் முன்னோட்டத்தை டிக் செய்தால் ஃபைல் அளவு அங்கேயே தெரியும். தரம் 90-ல் வைத்தேன், 18 கேபி. குறைந்தபட்சத்துக்கும் கீழே! 96-ல் 29 கேபி வந்தது. இந்த எண் சதவீதம் இல்லை, ஒரு மென்பொருளின் 90 இன்னொன்றின் 90 ஆகாது, அதனால் நான் சொல்லும் எண்ணை அப்படியே வைக்காமல் உங்கள் படத்தைப் பார்த்து வையுங்கள். பார்ப்பது என்றால் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது. நான் பார்த்த இடம் மூன்று: கண் இமை, முடி முடியும் ஓரம், பொட்டு.

பொட்டுதான் என்னைப் படுத்தியது. முகம் தெளிவாக இருக்கிறது, மச்சம்கூடத் தெரிகிறது, ஆனால் சிவப்புப் பொட்டு மட்டும் ஈரக்கையால் தொட்டது போலக் கசிந்திருந்தது. தரத்தை 98 வரை ஏற்றியும் சரியாகவில்லை. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கவனிக்கும் அளவுக்கு நிற வித்தியாசத்தைக் கவனிக்காது என்பதால், ஜேபெக்கில் நிறத் தகவலை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிச் சேமிப்பது வழக்கம். பெரிய படத்தில் யாருக்கும் தெரியாது. 200 பிக்சல் அகலப் படத்தில் பொட்டே நாலைந்து பிக்சல்தான், அதில் பாதி போனால் என்ன மிஞ்சும்? கிம்பில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் போய் நிறக் குறைப்பை 4:4:4 என்று மாற்றினேன், அதாவது நிறத்தைக் குறைக்காதே என்று. 34 கேபி ஆனது, பொட்டு வட்டமாக வந்து உட்கார்ந்தது. அந்த ஒரு நிமிடம் ஏதோ வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அதே பெட்டியில் எக்ஸிஃப் (படம் எடுத்த விவரக் குறிப்பு), சிறுபடம் என்று சில டிக்குகள் இருக்கும், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஃபைலுக்குள் இன்னொரு குட்டிப் படத்தையும், சில செல்களில் படம் எடுத்த இடத்தையும்கூடச் சுமந்துகொண்டு போகிறது. 50 கேபிக்குள் அந்தச் சுமை எதற்கு.

சரி, போட்டோ முடிந்தது, கையெழுத்து என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். போட்டோவைவிட அதுதான் அதிக நேரம் தின்றது, அதுவும் நேர் எதிர் காரணத்துக்காக. வெள்ளைத்தாளில் கறுப்பு மையில் போட்டு, ஜன்னல் பக்கம் வைத்துப் படம் எடுத்து (ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் செல்லின் நிழலே பாதித் தாளில் விழும்), 140-க்கு 60 என்று குறைத்தேன். 3 கேபி. வெறும் வெள்ளையில் நாலு கோடுதானே, சுருங்கிச் சுருங்கி ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. 10 கேபிக்குக் குறைந்தால் எடுக்காது என்கிறார்கள். சுருக்குவது எப்படி என்று தெரிந்துகொண்ட மறுநாளே உப்ப வைப்பது எப்படி என்று தேட வேண்டியதாயிற்று.

அறிவிப்பை மறுபடி படித்தபோது பிக்சல் அளவு "விரும்பத்தக்கது" என்றுதான் இருந்தது, கட்டாயம் என்று இல்லை. (கட்டாயம் என்று போட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள்.) மூலப் படத்துக்குத் திரும்பிப் போய், அதே விகிதத்தில் மூன்று மடங்காக, 420-க்கு 180 வைத்துச் சேமித்தேன். செல்லுக்கு மாற்றிப் பார்த்தால் 10.15 கேபி. ஏற்றினேன். ஃபைல் 10 கேபிக்கும் 20 கேபிக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று சிவப்பில் வந்தது. இருக்கிறதே! திரும்ப ஏற்றினேன், திரும்பச் சிவப்பு. பிரவுசரை மாற்றினேன், செல்லை அணைத்துப் போட்டேன், அப்பாவின் செல்லில் முயன்றேன். ஒன்றரை மணி நேரம். கடைசியில் லேப்டாப்பில் அந்த ஃபைலை வலது க்ளிக் செய்து பண்புகளைப் பார்த்தால், அளவு 9.91 கேபி, அடைப்புக்குறிக்குள் 10,150 பைட் என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் வட்டில் பிடிக்கும் இடம் 12.0 கேபி என்று இருந்தது, அதை நம்பினால் இன்னும் மோசம்.

ஒரே ஃபைல்தான். என் செல் 1000 பைட்டை ஒரு கேபி என்கிறது, விண்டோஸ் 1024 என்கிறது, அந்த விண்ணப்பமும் 1024 கட்சி போலிருக்கிறது. அதன் கணக்கில் 10 கேபி என்றால் 10,240 பைட், நான் 90 பைட் குறைவு. 90 எழுத்து! தரத்தைக் கொஞ்சம் ஏற்றி 13 கேபி ஆக்கிப் போட்டவுடன் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. எல்லையில் நிற்காதீர்கள், 20 முதல் 50 என்றால் 30-35-க்குக் குறி வையுங்கள், 10 முதல் 20 என்றால் 14-15-க்கு.

நடுவில் தம்பி ஒரு யோசனை சொன்னான், பிஎன்ஜி (இன்னொரு பட வடிவம்) ஃபைலின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை ஜேபிஜி என்று மாற்றினால் போதும் என்று. போதாது. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது பிஎன்ஜியேதான், ஃபைலின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தாலே வண்டவாளம் தெரிந்துவிடும். ஐபோன்காரர்களும் கவனம், அது வழக்கமாக ஹெச்இஐசி என்ற வேறு வடிவத்தில் எடுக்கும், அதையும் முறையாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

எந்நேரமும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிப்பது ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. போன வருடம் என் முகம் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை, அண்ணனிடம் மூன்று தடவை என்று நாலு கை மாறியிருக்கிறது, மச்சம் எந்தக் கையில் விழுந்ததோ. வாட்ஸ்அப்பில் அனுப்பியே தீர வேண்டுமென்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சுருங்காமல் போகும். முன்பின் தெரியாத இலவசச் சுருக்கும் தளங்களில் கையெழுத்தைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, முகமும் கையெழுத்தும் சேர்ந்து யாரோ ஒருவருடைய சர்வரில் கிடப்பானேன். கிம்ப் நிறுவ முடியாதவர்களுக்கு ஸ்குவூஷ் என்ற படம் சுருக்கும் தளம் இருக்கிறது, அது பிரவுசருக்குள்ளேயே வேலை செய்கிறது, படம் வெளியே போவதில்லை, சுருக்குவதற்கு முன்னும் பின்னும் நடுவில் ஒரு கோட்டை இழுத்து ஒப்பிட்டும் பார்க்கலாம்.

இதையெல்லாம் நேற்று சாயங்காலமே சித்தி மகனுக்குப் போனில் மூச்சுவிடாமல் சொன்னேன், அவனுக்கும் இதே தேர்வுதான். "புரிஞ்சுதுக்கா, டாக்குமெண்ட்டா அனுப்பிடறேன், நீயே சுருக்கிக் குடுத்துடு" என்றான். இன்று காலை வந்திருக்கிறது, டாக்குமெண்ட்டாகத்தான். திறந்தால் கேலரியிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். மேலே மணி 6.42, பேட்டரி 14 சதவீதம்.